பம்பைக் கழற்றலாம்... இன்சுலினை நிறுத்தலாமா?

ஐப்பசி மாதம். மூன்று நாளாக விடாத அடைமழை. போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை. மேகம் மூடிக் கிடந்தது. இந்த மழையில் யார் வரப்போகிறார்கள் என்று, சிலமலையில் என் வைத்தியசாலைக்குள் சரக்கு டப்பாக்களை ஈரம் படாமல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். காலை 11 மணி இருக்கும். வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

எனக்குத் தெரிந்த குடும்பம்தான். கணவர் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறார். பின்னாலேயே அவர் மனைவி, 12 வயது மகளைத் தோளோடு அணைத்தபடி வந்தார். அந்தப் பிள்ளைக்கு 7 வயதிலிருந்தே சர்க்கரை. முதல் வகை நீரிழிவு. மதுரையில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவரிடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடமாக ஊசிக்குப் பதில் இடுப்பில் இன்சுலின் பம்ப்.

"ஐயா, இனிமே பிள்ளைக்கு அந்த வைத்தியமே வேணாம். உங்க மருந்தை ஆரம்பிச்சிருங்க" என்றார் அம்மா.

"அது இருக்கட்டும்மா. இடுப்புல பம்ப் இருக்குமே, எங்க?"

"அதை ராத்திரி 9 மணிக்கே கழட்டிட்டோம்ங்கய்யா."

எனக்குத் திக்கென்றது. "எதுக்கு?"

அப்பா கைபேசியை நீட்டினார். யாரோ யாருக்கோ அனுப்பி, அவரிடம் வந்து சேர்ந்த செய்தி. 'இன்சுலின் பம்பால் உயிருக்கு ஆபத்து! கம்பெனியே லட்சக்கணக்கில் திரும்பப் பெறுகிறது! உடனே கழற்றி விடவும். எல்லோருக்கும் அனுப்பவும்.' எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்த வருடம்... ஒன்றுமே இல்லை!

"சரி, கழட்டிட்டு ஊசியாவது போட்டீங்களா?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதான் உங்ககிட்ட வர்றோமேன்னு..."

அதாவது 14 மணி நேரமாக அந்தப் பிள்ளையின் உடம்பில் புதிதாக ஒரு சொட்டு இன்சுலின்கூட இறங்கவில்லை!

பிள்ளையைப் பார்த்தேன். நாக்கு வறண்டு கிடந்தது. மூச்சு ஆழமாக, வேகமாக வாங்கியது. பக்கத்தில் குனிந்தால் மிகப் பழுத்த பழத்தின் வாடை. "காலையில ரெண்டு தடவை வாந்தி. இட்லி ஒத்துக்கலை போலிருக்கு" என்றார் அம்மா. விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை 468.

நாடி பிடித்துப் பார்க்கிற நேரம் இல்லை அது. "காரை எடுங்க" என்று நானும் ஏறி உட்கார்ந்தேன். போடி அரசு மருத்துவமனையில் ஏற்றிய குளுகுளு பாட்டிலோடும் இன்சுலினோடும், அங்கிருந்து தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாள் பிள்ளை. நான்காம் நாள் சிரித்தபடி வீடு திரும்பினாள்.

பிறகு நிதானமாக விசாரித்தோம். அவள் பம்பின் மாடல் எந்தத் 'திரும்பப் பெறும்' பட்டியலிலும் இல்லை. பம்பால் அவளுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. பம்பைப் பற்றி வந்த அரைகுறைச் செய்தியால்தான் வந்தது.

"சித்த வைத்தியருக்கு இன்சுலின் பம்ப் பற்றி என்ன பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் பம்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றது என் வாசலில்தானே! அதனால்தான் எழுதுகிறேன்.

இடுப்பில் ஒரு சொட்டுநீர்ப் பாசனம்

இன்சுலின் பம்ப் என்பது ஒரு கைக்குள் அடங்கும் சின்னக் கருவி. உள்ளே இன்சுலின் நிரப்பிய குப்பி. அதிலிருந்து மெல்லிய குழாய் வழியாக, வயிற்றுத் தோலுக்கடியில் செருகிய நுண்குழல் மூலம் இன்சுலின் போகும். அந்தக் குழலை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை இடம் மாற்றிச் செருக வேண்டும். குழாயே இல்லாமல் உடம்பில் ஒட்டிக்கொள்கிற வகையும் உண்டு.

நம் ஏலத்தோட்டக்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்வதென்றால் இது சொட்டுநீர்ப் பாசனம். நாள் முழுக்கத் துளித்துளியாக ஓர் அளவு இறங்கிக்கொண்டே இருக்கும். சாப்பிடும்போது பொத்தானை அழுத்தினால் கூடுதலாக ஓர் அளவு இறங்கும். 1960-களில் அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு காடிஷ் உருவாக்கிய பம்ப் முதுகில் மாட்டுகிற பை அளவுக்கு இருந்ததாம். இன்றைக்குச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். பம்பில் போடுவது வேகமாக வேலை செய்து சீக்கிரமே தீர்ந்துவிடும் இன்சுலின். நாள் முழுக்கத் தாங்கும் இன்சுலின் அதில் கிடையாது. சொட்டு நின்றால் சில மணி நேரத்தில் உடம்பில் கையிருப்பு காலி. முதல் வகை நீரிழிவுக்காரர்களின் கணையம் சொந்தமாக இன்சுலின் சுரப்பதில்லை. சர்க்கரையை எரிக்க முடியாத உடம்பு கொழுப்பை எரிக்கும். அப்போது கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேரும். வாந்தி, வயிற்று வலி, பழ வாடை மூச்சு, மயக்கம் என்று வரிசையாக வரும். அன்று நான் பார்த்தது அதைத்தான்.

திரும்பப் பெறுவது எதற்காக?

அந்தச் செய்தியில் உண்மையே இல்லையா? இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது.

மெட்ரானிக் நிறுவனத்தின் மினிமெட் 600 வரிசை பம்புகளில், இன்சுலின் குப்பியைப் பிடித்து நிறுத்த ஒரு வளையம் உண்டு. அந்த வளையம் உடைந்தாலோ தளர்ந்தாலோ குப்பி சரியாகப் பூட்டாது. அப்போது இன்சுலின் கூடவும் போகலாம், குறையவும் போகலாம். 2019 நவம்பரில் நிறுவனம் எச்சரிக்கை அனுப்பியது. 2020 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை முதல் வகுப்பு, அதாவது மிகக் கடுமையான வகை என்று அறிவித்தது. அப்போது கணக்கில் வந்தவை 3,22,005 பம்புகள். வந்த புகார்கள் 26,421. பாதிப்புகள் 2,175. ஒரு மரணமும் பதிவானது.

அன்று சொன்ன யோசனை என்ன தெரியுமா? 'வளையத்தைப் பாருங்கள். உடைந்திருந்தால் பம்பை நிறுத்தி, டாக்டர் சொன்னபடி ஊசிக்கு மாறுங்கள். நன்றாக இருந்தால் தொடர்ந்து பயன்படுத்துங்கள்.' 2021 அக்டோபரில், பழைய வளையம் உள்ள பம்புகளை, உடையாமல் இருந்தாலும், இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். 'கழற்றி எறிந்துவிட்டுச் சும்மா இருங்கள்' என்று யாருமே சொல்லவில்லை!

இன்னொன்று. ஆம்னிபாட் 5 பம்புக்கு ஆண்ட்ராய்டு கைபேசியில் ஒரு செயலி. 2023-ன் கடைசியில் அதில் ஒரு தவறு கண்டுபிடிக்கப்பட்டது. சாப்பாட்டு நேர அளவைக் கணக்கிடும் இடத்தில் முதல் எழுத்தாகவே புள்ளியை வைத்தால், செயலி அந்தப் புள்ளியை விட்டுவிடும். '.5' என்று அடித்தால் 5! அரை யூனிட் ஐந்து யூனிட் ஆகிவிடும். சின்னக் குழந்தைக்கு அது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டுமா? ஆனால் இதற்குப் பம்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. செயலியைப் புதுப்பித்தால் போதும்.

2024-ல் டாண்டம் நிறுவனத்தின் ஐபோன் செயலியில் வேறு விதமான கோளாறு. செயலி தானாக நின்று நின்று மறுபடி ஓடியதில், பம்பின் மின்கலம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்து பம்ப் நின்றுபோனது. 224 பாதிப்புகள் பதிவாயின. மரணம் இல்லை. அதற்கும் பரிகாரம் புதிய செயலிதான்.

2011-ல் ஜே ராட்கிளிஃப் என்ற கணினி நிபுணர், அவரே சர்க்கரை நோயாளி, தன் பம்பின் கம்பியில்லாத் தொடர்புக்குள் வெளியாள் புகுந்து அளவை மாற்ற முடியும் என்று மேடையிலேயே காட்டினார். மெட்ரானிக்கின் சில பழைய பம்புகளோடு வந்த ரிமோட் கருவிகளை இதே போன்ற பயத்தால் பின்னர் திரும்பப் பெற்றார்கள்.

ஆக, 'திரும்பப் பெறுதல்' என்ற ஒரே வார்த்தைக்குள் பல காரியங்கள் இருக்கின்றன. சிலசமயம் கருவியை மாற்றுவது, சிலசமயம் ஒரு பாகத்தைப் பரிசோதிப்பது, சிலசமயம் செயலியைப் புதுப்பிப்பது. போடி ஏலத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு லாட் எண் இருக்கிறது. ஒரு லாட்டில் சாயம் கண்டால் அந்த லாட்டைத்தான் ஒதுக்குவோம். ஏலக்காயே வேண்டாம் என்போமா? இதை அந்த அப்பாவிடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்.

நம் வீட்டுக்குக் கடிதம் வருமா?

வருமா என்பது, நம் பெயரும் முகவரியும் அவர்கள் பதிவேட்டில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

நம் நாட்டிலேயே ஒரு கசப்பான அனுபவம் உண்டு. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் ஏ.எஸ்.ஆர். என்ற செயற்கை இடுப்பு மூட்டு 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. பின்னாளில் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2018-ல் அறிக்கை கொடுத்தபோது, அவர்களில் பெரும்பாலானவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை! தங்கள் இடுப்பில் இருப்பது திரும்பப் பெறப்பட்ட பொருள் என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இன்று நிலைமை கொஞ்சம் தேவலை. மருத்துவக் கருவிகளால் வரும் கெடுதல்களைப் பதிவு செய்ய 2015 ஜூலையில் மத்திய அரசு ஒரு தனித் திட்டம் தொடங்கியது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. 2018 முதல் மருத்துவக் கருவிகளுக்கென்று தனி விதிகள் வந்தன. கருவியால் ஆபத்து என்று தெரிந்தால் தயாரிப்பவரோ இறக்குமதி செய்தவரோ அதைத் திரும்பப் பெற்று, அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பிள்ளையின் பம்ப், வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. இங்கே பில் இல்லை, பதிவும் இல்லை. நாளைக்கு உண்மையிலேயே அந்த மாடலில் கோளாறு என்றால், கடிதம் சித்தப்பாவின் பழைய முகவரிக்குத்தான் போகும். சிலமலைக்கு வராது. ஒருவர் பயன்படுத்தியதை விலை குறைவாக வாங்குகிறவர்கள் கதையும் இதேதான். விலை லட்சக்கணக்கில் என்பதால் அந்த ஆசை வருவது புரிகிறது. வாங்கினாலும், வரிசை எண்ணைச் சொல்லி உங்கள் பெயரில் பதிவு செய்ய முடியுமா என்று நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

மாற்று ஏற்பாடு எங்கே?

அன்று காரில் போகும்போது அப்பா கேட்டார்: "ஐயா, வீட்டு ஃபிரிட்ஜில பம்புக்கு ஊத்துற இன்சுலின் இருக்கு. பக்கத்து வீட்டுத் தாத்தாவும் ஊசி போடுறவர்தான். அவர்கிட்ட ஒரு சிரிஞ்சு வாங்கிப் போட்டுருவோமா?"

நல்ல வேளை, கேட்டார். தாத்தா போடுவது ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலின். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. பம்பில் ஊற்றுவது ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ளது. அதற்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை எடுத்தால், உள்ளே போவது 10 அல்ல, 25 யூனிட்! இரண்டரை மடங்கு. சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும்.

பம்ப் வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் மாற்று ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தாலோ, கரண்ட் போனாலோ, மின்கலம் தீர்ந்தாலோ, பம்பை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தாலோ அன்றைக்குக் கடை தேடி ஓட முடியாது. 'பம்ப் நின்றால் எந்த ஊசி, எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு?' என்று உங்கள் டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி வையுங்கள். உடம்பு வளர வளரப் பிள்ளைகளுக்கு அளவு மாறும். ஆகையால் ஒவ்வொரு தடவை போகும்போதும் அந்தத் தாளைப் புதுப்பியுங்கள்.

சித்த மருந்தால் ஆகாதா?

ஆகாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பாளையங்கோட்டையில் நான் படித்த காலத்திலிருந்து மதுமேகத்துக்கு மருந்து கொடுத்து வருகிறேன். நடுவயதில் வருகிற இரண்டாம் வகைக்கு, உணவோடும் நடையோடும் ஆவாரைக் குடிநீர் போன்றவற்றைத் துணையாகக் கொடுப்பதுண்டு. அப்போதும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொண்டுதான் கொடுப்பேன். ஆனால் இன்சுலினே சுரக்காத முதல் வகைப் பிள்ளைக்கு, இன்சுலினுக்குப் பதிலாக நிற்கும் குடிநீரோ, சூரணமோ, பற்பமோ என்னிடம் இல்லை. 'ஊசியை நிறுத்து, நான் குணமாக்குகிறேன்' என்று யாராவது சொன்னால், அவர் எந்த வைத்தியரானாலும் சரி, அந்தப் படியை விட்டு இறங்கி வந்துவிடுங்கள்.

இன்சுலினே முதல் தடவையில் சரியாக அமையவில்லை தெரியுமா? 1922 ஜனவரி 11. கனடாவில் டொராண்டோ மருத்துவமனை. லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். சாறில் கசடு இருந்ததால் ஒவ்வாமை வந்தது. உடனே நிறுத்தினார்கள். ஆனால் முயற்சியைக் கைவிடவில்லை. ஜேம்ஸ் காலிப் அதை மேலும் சுத்தம் செய்தார். 12 நாள் கழித்து மறுபடி போட்டார்கள். பையன் தேறினான், அதன்பின் 13 வருடம் வாழ்ந்தான். எங்கள் மருத்துவத்தில் சுத்தி செய்யாத சரக்கை மருந்தில் சேர்க்கக் கூடாது என்பார்கள். இதுவும் ஒரு சுத்திதானே!

குறையை வெளியே சொல்லித் திருத்துவதைத் துரோகமாக நினைக்கக் கூடாது. அதுதான் யோக்கியமான வைத்தியம். எங்கள் சித்த மருந்துகளுக்கும் இது பொருந்தும். புட்டியில் தொகுதி எண்ணும் தேதியும் இல்லாத மருந்தை வாங்காதீர்கள். சித்த மருந்து சாப்பிட்டுக் கெடுதல் வந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 2018 முதல் ஆயுஷ் துறையிலும் இதற்குக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதில் ஒரு மையம்.

பீரோ கதவில் ஒட்டி வைக்க...

* பம்பின் கம்பெனி, மாடல், வரிசை எண் மூன்றையும் எழுதி வையுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வீடோ கைபேசி எண்ணோ மாறினால் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.

* 'திரும்பப் பெறுகிறார்கள்' என்று செய்தி வந்தால், முதலில் அந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு டாக்டரையும் நிறுவனத்தின் உதவி எண்ணையும் கேளுங்கள். அதுவரை சர்க்கரையை அடிக்கடி பாருங்கள்.

* பம்பில் விரிசலோ கசிவோ தெரிந்தால், அல்லது அது தாறுமாறாக வேலை செய்தால், கழற்றத்தான் வேண்டும். கழற்றிய கையோடு டாக்டர் எழுதித் தந்த ஊசியைத் தொடங்க வேண்டும்.

* தனி டப்பாவில்: இன்சுலின் ஊசி அல்லது பேனா, சரியான மூடி நிற சிரிஞ்சு, சர்க்கரை பார்க்கும் கருவி, சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டை, மின்கலம், குளுக்கோஸ் பொடி. இன்சுலினை மட்டும் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஐஸ் பெட்டியில் வேண்டாம். காலாவதித் தேதியைப் பாருங்கள்.

* சர்க்கரை 250-ஐத் தாண்டி, வாந்தியோ வயிற்று வலியோ மூச்சு வாங்குவதோ இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

* சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

* கருவியால் கெடுதல் வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம்.

அந்தப் பிள்ளை இப்போதும் வருவாள், சளி இருமல் என்றால். போன மாதம் ஆடாதோடைக் குடிநீர் வாங்க அம்மாவோடு வந்திருந்தாள். இடுப்பில் பம்ப் இருந்தது.

"என்னம்மா, மாற்று டப்பா எங்க?" என்றேன்.

பள்ளிக்கூடப் பையைத் திறந்து காட்டினாள். ஆரஞ்சு மூடி சிரிஞ்சு, பேனா, குளுக்கோஸ் பொட்டலம், மடித்து வைத்த டாக்டர் தாள். நான் கேட்காமலே பம்பின் வரிசை எண்ணையும் கடகடவென்று ஒப்பித்தாள்.

அவள் அம்மா மெதுவாகச் சொன்னார்: "இப்பெல்லாம் போன்ல என்ன வந்தாலும், 'முதல்ல நம்பரைப் பாரும்மா'ங்கிறா ஐயா."

உங்கள் வீட்டிலும் பம்ப் இருந்தால், இந்தப் பக்கத்தை மூடும் முன் எழுந்து போய் அந்த எண்ணைக் குறித்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.